சார்ஜ் கொடுக்காமல் போனவர்

“டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னும் வேலைய விட்டு இறங்கல.”

பஞ்சாலையில் வேலை பார்க்கும் நல்லகாமன் இதைச் சொன்னபோது ஜோசபின் பிள்ளைகளின் சிலேட்டுகளை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வெயில் சாய்ந்திருந்த நேரம். புருஷன் ஞானசீலனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து, குழிமேல் போட்ட மண்கூட இன்னும் இறுகவில்லை.

“என்ன சொன்ன?”

“பாய்லர் ரூம்ல இருக்காகன்னு சொன்னேன்.”

“குடிச்சிருக்கியா தம்பி?”

அவன் பின்னால் நின்ற மனைவி ஒச்சாயி முந்திக்கொண்டாள். “நானும் அதத்தான் முதல்ல கேட்டேன் டீச்சரம்மா. வாயைக்கூட மோந்து பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. குடிச்சிருந்தா நாலு சாத்து சாத்திட்டுப் பேசாமப் படுத்திருப்பேன். குடிக்காமச் சொல்றாரு, அதான் உங்ககிட்டக் கூட்டியாந்தேன்.”

“எங்க ஆளு கர்த்தர்கிட்ட இருக்காரு,” என்றாள் ஜோசபின். “பாய்லர் ரூம்ல அவருக்கு என்ன வேலை?”

“வேலைதான் டீச்சரம்மா,” என்றான் நல்லகாமன். “வேலை மட்டுந்தான் பாக்குறாக.”

திருமங்கலத்துக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில் இருந்தது அந்தப் பஞ்சாலை. கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கும். கொட்டையைப் பிரித்து, பஞ்சை அழுத்திப் பொதி கட்டி, மதுரை மில்லுக்கு அனுப்புவார்கள். அத்தனை எந்திரங்களும் ஓடுவது ஒரே ஒரு பாய்லரின் நீராவியில். அந்த பாய்லரைப் பார்த்துக்கொண்டவன்தான் ஞானசீலன். மிஷன் தொழிற்பள்ளியில் படித்து, மதுரையில் பரீட்சை எழுதி, சர்க்கார் முத்திரை போட்ட செர்டிபிகேட் வாங்கியவன். அந்தச் செர்டிபிகேட் இல்லாதவன் பொறுப்பில் பாய்லரில் தீ எரியக்கூடாது என்பது சட்டம். செர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பாய்லர் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

முன்பு செர்டிபிகேட்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆலைச் சங்கு ஊதும்போது சார்ஜ் கைமாறும். அதற்கென்று ஒரு முறை உண்டு. பாய்லரின் நெற்றியில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். வேலை முடிந்து போகிறவர் அந்தக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, “தண்ணி நிக்குது. தீ நிக்குது. நான் போறேன்,” என்பார். வந்தவர், “நான் நிக்கிறேன். நீங்க போங்க,” என்பார். அந்தப் பதில் வராமல் முதலாமவர் வாசலைத் தாண்டமாட்டார். வீட்டில் சாவு விழுந்தாலும் தாண்டமாட்டார்.

“அதென்ன போறேன்னு சொல்றது, அபசகுனமா?” என்று கல்யாணமான புதிதில் ஜோசபின் கேட்டிருக்கிறாள். “போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதா?”

“அங்க வாரேன்னு சொன்னா சார்ஜை முழுசாக் குடுக்கலைன்னு அர்த்தம். பாதி மனசு அங்கேயே நிக்கும். பாய்லருக்கு ரெண்டு எசமான் ஆகாது.” ஞானசீலன் சிரிப்பான். “வாரேன்னு சொல்றதெல்லாம் உங்கிட்ட மட்டுந்தான்.”

அந்த இன்னொரு செர்டிபிகேட்காரர் விருதுநகர்ப் பக்கம் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு ஆள் வருகிறான், வருகிறான் என்று மானேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். சித்திரை, வைகாசி என்று பருத்தி குவிந்துகொண்டே வந்தது. ஞானசீலன் பகலும் பார்த்து இரவும் பார்த்தான். விறகு போடும் நல்லகாமன் அடுப்பைக் கவனிக்க, முக்காலியிலேயே உட்கார்ந்து கண்ணயர்வான். வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. சோற்றுத் தூக்கை ஒச்சாயி கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் அதே ஆலையில் பருத்தி பொறுக்குகிறவள்.

கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பும்போது, “போயிட்டு வாரேன் ஜோசபின்,” என்றான்.

“எப்ப வருவீங்க?”

“சார்ஜைக் குடுத்ததும் நேரா வீடுதான். வேற எங்க போகப்போறேன்?”

ஒரு விடிகாலையில் முக்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. கண் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி இருந்ததாம். தண்ணீரும் தீயும் சரியாக இருந்தனவாம்.

“செத்தவரோட செர்டிபிகேட்டை வச்சுக்கிட்டே தீ எரிக்கிறாக டீச்சரம்மா,” என்றான் நல்லகாமன் இப்போது. “கேக்குறவகளுக்கு, ஆளு சாப்பிடப் போயிருக்காருன்னு சொல்லச் சொல்லி மானேஜர் உத்தரவு. அடுப்புக்கு முன்னாடி நிக்கிறது நான். பாய்லரைப் பாக்குறது அண்ணன்.”

“எப்படிச் சொல்ற?”

“நான் அசந்துட்டேன்னு வைங்க. பதறி முழிச்சா, பம்பு திறந்திருக்கும், தண்ணி அளவா நிக்கும். சங்கு ஊதுனா கண்ணாடியில ரெண்டு தட்டு. மோதிரத்தால தட்டுவாகள்ல, அதே சத்தம். தட்டிட்டுக் காத்திருக்காக. பதில் சொல்ல ஆளில்ல.”

ஜோசபினின் கை சிலேட்டின்மேல் நின்றுவிட்டது. கல்யாண மோதிரம். அதைக் கழற்றவேண்டாம் என்று சொல்லி, விரலோடுதான் புதைத்தார்கள்.

“நீ சொல்லிப் பாக்குறதுதானே, அந்தப் பதிலை?”

“சொன்னேனே. நான் நிக்கிறேன், நீங்க போங்கன்னு சொன்னேன். மறுபடி ரெண்டு தட்டு. முன்னைவிடப் பலமா. கண்ணாடி உடைஞ்சு போகுமோன்னு பயந்துட்டேன். செர்டிபிகேட் இல்லாதவன் அதைச் சொல்லக் கூடாதுன்னு அவுக எனக்கு முதல் நாளே சொன்னதுதான்.”

மறுநாள் மாலை அவள் நேரில் போய்ப் பார்த்தாள்.

பாய்லர் அறைக்குள் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நீளமாக விழுந்துகிடந்தது. விறகுச் சாம்பல் காற்றில் மிதந்து, எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாய்களின்மேல், விறகுக் கட்டின்மேல், நல்லகாமனின் தலைமுடியின்மேல், செர்டிபிகேட் சட்டத்தின் விளிம்பில்.

“முக்காலியப் பாருங்க,” என்றான் அவன் தாழ்ந்த குரலில்.

முக்காலியின் கால்களில் சாம்பல் இருந்தது. அதைச் சுற்றித் தரையில் இருந்தது. உட்காரும் பலகையில் மட்டும் ஒரு தூசு இல்லை. மேலே மிதந்து வந்த சாம்பல் துணுக்குகள் பலகைக்குக் கொஞ்சம் மேலாக வந்ததும், எதிலோ பட்டதுபோல ஒதுங்கி, இரண்டு பக்கமும் வழிந்து இறங்கின. ஒரு மனிதனின் தோளில் பட்டு இறங்குவது மாதிரி.

யாராவது துடைத்துப் போட்டிருப்பார்களோ என்று ஜோசபின் நினைத்தாள். ஒரு பிடி சாம்பலை அள்ளி, பலகையின்மேல் தூவக் கையை நீட்டினாள். புருஷன் மடியில் சாம்பலைக் கொட்டுவதா? கையை மடக்கிக்கொண்டாள்.

சங்கு ஊதியது.

டிங். டிங்.

யாரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இல்லை. குழாய்க்குள் தண்ணீர் லேசாக ஆடி நின்றது. ஒச்சாயி வாசலுக்கு வெளியே நின்று, “ஆத்தாடி,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜோசபின் ஜெபம் சொல்ல வாயெடுத்தாள். “களைச்சுப் போயிருப்பாரே,” என்றுதான் வந்தது.

அன்றே மானேஜரிடம் போனாள். “நல்லகாமனைப் பரீட்சைக்கு அனுப்புங்க சார்.”

“அவனா? கைநாட்டும்மா அவன்.”

“வாய்ப் பரீட்சைதான் சார் ரெண்டாம் கிளாசுக்கு. எங்க வீட்டுக்காரரும் அதுதான் முதல்ல பாஸ் பண்ணாரு.”

“அவனை பாஸ் பண்ண வச்சா, நாளைக்கு அவனும் விருதுநகர் போயிடுவான். இப்ப என்ன குறைஞ்சு போச்சு? பாய்லர் நல்லாத்தானே ஓடுது?” மானேஜர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “சொல்லப்போனா முன்னைவிட நல்லா ஓடுது.”

“ஓட்டுறது யாருன்னு தெரியுமா சார்?”

“அதெல்லாம் நான் கேக்குறதில்லம்மா,” என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தபோது, தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறார் என்று ஜோசபினுக்குப் பட்டது. சம்பளமில்லாமல், தூங்காமல், லீவு கேட்காமல் வேலை பார்க்கிற ஆள். எந்த மானேஜர் விடுவான்?

காரியத்தைக் கெடுத்தது, அல்லது காரியத்தை முடித்தது, ஒரு முழம் கதம்பம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆலையில் பூசை உண்டு. எந்திரங்களுக்கும் பாய்லருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை பாய்லர் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார். கண்டிப்பான மனிதர். நேரே பாய்லர் அறைக்குள் போனார். சுவரில் செர்டிபிகேட் மாட்டியிருந்தது. சட்டத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் கதம்ப மாலை, கீழே ஊதுவத்தி.

“ஞானசீலன் எங்கே?” என்றார்.

“சாப்பிடப் போயிருக்காரு சார்,” என்றார் மானேஜர்.

“சரி. செர்டிபிகேட்டுக்கு ஏன் மாலை போட்டிருக்கு?”

மானேஜர் வாயைத் திறப்பதற்குள், பூசைத் தட்டோடு நின்ற ஒச்சாயி வெள்ளந்தியாகச் சொன்னாள்: “அண்ணனுக்குப் போட்டா கிடையாதுங்க சாமி. போட்டா புடிச்சா ஆயுசு குறையும்னு புடிக்காமலே இருந்துட்டாக. செத்தவுகளுக்கு மாலை போடாம இருக்க முடியுமா? அதான் அவுக பேரு இருக்கேன்னு இதுக்குப் போட்டோம். நாந்தான் கட்டுனேன். நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று மத்தியானமே அடுப்பு அணைந்தது. செர்டிபிகேட் உள்ள ஆள் வரும்வரை ஒரு சுள்ளி எரியக்கூடாது என்று உத்தரவு. ஆலை நின்றது. பருத்தி வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. மானேஜர் கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் தந்தி கொடுத்துப் பார்த்தார். சீசன் நேரத்தில் யார் வருவார்கள்? கடைசியில் வேறு வழியில்லாமல் நல்லகாமனின் பெயரை எழுதி அனுப்பினார். அடுத்த சுற்றில் வரும்போது, பாய்லர் முன்னாலேயே நிறுத்தி வைத்துப் பரீட்சை வைக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் பதில் போட்டார்.

“மாப்ள, நீ பாஸாகலேன்னா நாங்க அம்புட்டுப் பேரும் உன் வீட்லதான் சாப்பாடு,” என்றார்கள் வேலையில்லாமல் சாவடியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

“வாங்க, வாங்க,” என்றாள் ஒச்சாயி. “இருக்குறது கம்பங்கூழு. ஆளுக்கு ஒரு வாய் ஊத்துறேன். மிச்சத்துக்கு இவரு தலையக் கடிச்சுக்கங்க.”

தினமும் சாயங்காலம் நல்லகாமன் ஜோசபின் வீட்டுக்கு வந்தான். ஞானசீலன் படித்த கேள்விப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவள் படித்துத் தமிழில் சொல்வாள், அவன் பதில் சொல்வான். நீராவி அழுத்தம் ஏறினால் என்ன செய்வாய், பம்பு அடைத்தால் என்ன செய்வாய், எல்லாவற்றுக்கும் தட்டுத் தடுமாறியாவது வந்துவிடுவான். ஒரே ஒரு கேள்வியில் ஒவ்வொரு நாளும் விழுந்தான்.

“கண்ணாடிக் குழாயில தண்ணியே தெரியல. கீழ இறங்கிப் போச்சு. அடுப்பு எரியுது. என்ன செய்வ?”

“பம்பைத் திறந்து தண்ணி விடுவேன்.”

“செத்தோம் எல்லாரும்.”

“ஏன் டீச்சரம்மா? வறண்டு கிடக்குறதுக்குத் தண்ணிதானே விடணும்?”

“உள்ள தகடு பழுக்கக் காஞ்சு கிடக்கும் தம்பி. அதுமேல தண்ணி பட்டா வெடிச்சுப்போகும். தண்ணியத் தொடவே கூடாது. முதல்ல நெருப்பை வெளிய இழுத்துப் போடணும். மேல சாம்பலை அள்ளிப் போட்டு அமத்தணும். பாய்லர் தானா ஆறணும்.”

“புரியுது,” என்பான். மறுநாள் கேட்டால், “தண்ணி விடுவேன்,” என்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வானம் பார்த்த காட்டில் பிறந்தவன். பயிர் வாடினால், மாடு நாக்கைத் தள்ளினால், மண் வெடித்தால், தண்ணீரைத் தேடி ஓடுகிற வம்சம். காய்ந்துகிடப்பதைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவன் ரத்தத்திலேயே இல்லை.

“என் வாய் சொல்லிரும் டீச்சரம்மா, மனப்பாடம் பண்ணிட்டா. கை கேக்காது,” என்றான் ஒருநாள். “கைக்கு யாரு பாடம் சொல்றது?”

ஜோசபின் புத்தகத்தை மூடினாள். “அவரு கிளம்பணும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீ சார்ஜ் எடுத்தாத்தான் அவருக்கு விடுதலை. அதை நினைச்சுக்க.”

அடுப்பு அணைந்துகிடந்த அந்த நாட்களிலும் நல்லகாமன் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சங்கு ஊதவில்லை. ஆனாலும் குளிர்ந்துபோன பாய்லரின் கண்ணாடியில் அந்த இரண்டு தட்டு மட்டும் நேரம் தவறவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியிருந்தார்கள். உச்சிவெயிலில் அறை கொதித்தது. புருஷனின் செர்டிபிகேட்டை வாங்கிப்போக வந்தவள் என்று ஜோசபினையும் வாசலோரம் நிற்கவிட்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஆலைக் கூட்டம் முழுவதும்.

இன்ஸ்பெக்டர் அனலுக்கு ஒதுங்கி, முக்காலியில் உட்காரப் போனார். பாதி குனிந்தவர் என்னவோ நினைத்து நிமிர்ந்தார். “இது என்ன, சில்லுன்னு இருக்கு?” என்று முதுகைத் தடவிக்கொண்டே சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கேள்விகள் ஆரம்பித்தன. சேப்டி வால்வைப் பற்றிக் கேட்டார், சொன்னான். பம்பைப் பற்றிக் கேட்டார், சொன்னான். மானேஜருக்கே ஆச்சரியம். பிறகு இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“கண்ணாடியில தண்ணி தெரியல. என்ன செய்வே?”

நல்லகாமன் வாயைத் திறந்தான். மனப்பாடம் வரவில்லை. ஜோசபினைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டை அசைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சொட்டுச் சொட்டாக அல்ல. யாரோ கீழிருந்து உறிஞ்சுகிற மாதிரி, ஒரே சீராக. பாதிக்கு வந்தது. கால்பங்குக்கு வந்தது. அப்புறம் குழாய் வெறுமையாக நின்றது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைக் கீழே போட்டார்.

“தண்ணி விடுடா!” என்று மானேஜர் அலறினார். “பம்பைத் திற!”

வாசலில் நின்ற கூட்டம் தெறித்து ஓடியது. நல்லகாமனின் வலது கை தானாகப் பம்பின் பிடியை நோக்கிப் போனது. பிடியைப் பற்றியேவிட்டது. அவன் முதுகில் நரம்பு புடைத்ததை ஜோசபின் பார்த்தாள். 

அவன் இடது கையால் வலது கையைப் பற்றிப் பிய்த்து எடுத்தான். ஆமாம், அப்படித்தான், அடுத்தவன் கையைப் பிடுங்குகிற மாதிரி. கொக்கிக் கம்பியை எடுத்து, அடுப்பு வாயைத் திறந்து, எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டான். தரையெல்லாம் நெருப்பு. காலைச் சுட்டது. சாம்பலை அள்ளி அள்ளி மேலே வீசினான். புகை மூடிற்று.

“தண்ணியத் தொடக் கூடாது!” அவன் யாரிடமோ கத்தினான். “தானா ஆறணும்! தானா ஆறணும்!”

டிங்.

ஒரே ஒரு தட்டு. பையனின் முதுகில் தட்டிக்கொடுப்பது போன்ற தட்டு. புகை கொஞ்சம் விலகியபோது கண்ணாடியில் தண்ணீர் நின்றிருந்தது, வழக்கமான அளவில், ஆடாமல் அசையாமல்.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பாய்லரைச் சோதித்தார். குழாய்களைத் திறந்து மூடினார். அடைப்பு ஒன்றும் இல்லை. பாய்லருக்குள் தண்ணீர் குறையவும் இல்லை. வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“பாஸா சார்?” என்றாள் ஜோசபின்.

“பாஸ்தாம்மா.” அவர் அறையின் வாசலைப் பார்க்காமல் சொன்னார். “ஆனா இந்தப் பரீட்சைய வச்சது நான் இல்ல.”

மதுரையிலிருந்து நல்லகாமன் பெயருக்குச் செர்டிபிகேட் வந்து சேர்ந்த அன்றே மறுபடி அடுப்பு மூட்டினார்கள். மாலை, சங்கு ஊதும் நேரத்துக்குச் சற்று முன்னால், பழைய சட்டத்தை இறக்கிவிட்டுப் புதியதை அதே ஆணியில் மாட்டினான். பழையதைத் துடைத்து ஜோசபினின் கையில் கொடுத்தான். ஒச்சாயி இந்தத் தடவை உள்ளே வந்து நின்றாள், புருஷனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு.

சங்கு ஊதியது.

டிங். டிங்.

நல்லகாமன் தொண்டையைச் செருமினான். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். முக்காலியைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“நான் நிக்கிறேன். நீங்க போங்கண்ணே.”

காத்திருந்தார்கள். மறு தட்டு வரவில்லை. தீ மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருந்த சாம்பல், ஒதுங்க எதுவும் இல்லாததுபோல, நேராக இறங்கி முக்காலிப் பலகைமேல் உட்கார்ந்தது. ஒரு துணுக்கு. இன்னொரு துணுக்கு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை வெளுத்துப்போனது.

“போயிட்டாக,” என்றான் நல்லகாமன். அவன் கண் கலங்கியிருந்தது.

“போயிட்டாரு,” என்றாள் ஜோசபின். கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செர்டிபிகேட்டை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள்.

“துணைக்கு வரவா டீச்சரம்மா?” என்றாள் ஒச்சாயி.

“எதுக்கு? இன்னும் வெளிச்சம் இருக்கே.”

ரயில் கேட்டைத் தாண்டி, கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். மனசு லேசாக இருந்தது. பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பருத்தி இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று வண்டிகள்தான். விறகுப் புகையின் வாசனை கூடவே வந்தது. சேலையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள். செர்டிபிகேட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மேசைமேல் சாய்த்துவைத்தாள். சோறு வடித்து, தட்டில் போட்டு உட்கார்ந்தபோது, வெளி கேட்டின் தாழ்ப்பாள் சத்தமிட்டது. அதைத் தூக்கித் திறக்கவேண்டும். தெரியாதவர்கள் இழுத்துப் பார்த்துவிட்டு நிற்பார்கள். இது தெரிந்த கை.

கால் சத்தம் நிதானமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போயிற்று. ஆலையிலிருந்து வந்தால் அவன் முன்வாசல் வழியாக உள்ளே வரமாட்டான். கரி ஒட்டுமே என்று பின்பக்கம் போய்க் கை கால் கழுவிவிட்டுத்தான் வருவான். செம்பை மோதிரத்தால் தட்டிப் பார்ப்பான். சத்தத்திலேயே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

டிங். டிங்.

ஜோசபின் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தாள். சார்ஜைக் குடுத்ததும் நேரா வீடுதான். வேற எங்க போகப்போறேன்? அவன் சொன்னதுதானே. நல்லகாமனிடம், ஆலையில், முறைப்படி விடைபெற்றாகிவிட்டது. இவளிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு.

அவளுக்கு அந்தப் பதில் தெரியும். நான் நிக்கிறேன், நீங்க போங்க. இந்த வீட்டுக்குச் சார்ஜ் எடுக்க அவளைவிட யாருக்குத் தகுதி? சொன்னால் போய்விடுவான். இந்தத் தடவை முழுவதுமாக.

பின்கட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த வழியே செம்பு தெரிந்தது, துவைகல்லின்மேல், தளும்பத் தளும்ப. பக்கத்தில் யாரும் இல்லை. கல்லின்மேல் மட்டும், யாரோ கையை உதறியதுபோல, சாம்பல் படியத் தொடங்கியிருந்தது.

அவள் இன்னொரு தட்டை எடுத்து எதிரே வைத்தாள். தட்டு தரையில் கிணுகிணுத்தது.

“கையக் கழுவிட்டு வாங்க,” என்றாள். “சோறு ஆறுது.”

செம்பில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.